வியர்வைக்கு வழிவிடும் உடை: வாசகர் கேள்வி பதில்

அன்றாடம் உடுத்தும் உடைகளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பட்டும் ஜரிகையும் முகூர்த்த நாள் வரை பொறுத்திருக்கட்டும். வந்த கடிதங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் புறநகர்களிலிருந்தும் எழுதப்பட்டவை. ஆகவே பதில்களும் இவ்வூரின் வெயிலையும் புழுக்கத்தையும் ஐப்பசி மழையையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: காலையில் மின்சார ரயில், பகல் முழுவதும் அலுவலகம், மாலையில் மகளுடன் பூங்கா என்று ஒரே உடையில் நாளைக் கழிப்பவன் நான். ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் சட்டையும் பேன்ட்டும் வாங்குகிறேன். ஆனாலும் சித்திரை பிறந்துவிட்டால் உடம்பு அவிந்துபோகிறது. பருத்தி குளிர்ச்சி என்று சொல்வதெல்லாம் சும்மாவா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: சும்மா இல்லை, ஆனால் அந்தச் சீட்டு உங்களுக்குச் சொன்னது பாதிச் செய்திதான். இழை எதுவென்று அது சொல்லிவிட்டது. அந்த இழையை எவ்வளவு கனமாக, எவ்வளவு நெருக்கமாக நெய்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. சென்னையில் உடையின் சுகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த இரண்டாவது பாதி.

வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. சுரந்தது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். சொட்டுச் சொட்டாக வழிந்து தரையில் விழும் வியர்வையால் அந்தப் பயன் கிடைப்பதில்லை. வேலூரில் வெயில் கூடுதலாக இருந்தாலும் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுகிறது; கடலோரச் சென்னையிலோ காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்பதால் அது சட்டைக்குள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கிறது. 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானதை இன்றும் பேசிக்கொள்கிறோம். ஆனால் 36 டிகிரியே அடித்தாலும் கடற்காற்று உள்ளே வராத பிற்பகல் ஒன்று அதற்குக் குறையாமல் வதைக்கும் என்பது இவ்வூர்க்காரர் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே இங்கே உடைக்கு இரண்டு வேலைகள் உண்டு: வியர்வையைத் தோலிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கியதைக் காற்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் வேலையைப் பருத்தி நன்றாகவே செய்கிறது. இயல்பான சூழலில் பருத்தி இழை தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். பாலியஸ்டர் வைத்திருப்பது 0.4 சதவீதம்தான். இரண்டாவது வேலை நெசவின் கையில் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் சொல்வதைத்தான் துணி வணிகத்தில் ஜி.எஸ்.எம். என்கிறார்கள். மெல்லிய பாப்ளின் சட்டைத் துணி 110, 120 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கும், ட்வில் என்னும் சாய்கோட்டு நெசவில் வரும் காட்டன் பேன்ட் பல வேளைகளில் 250-ஐத் தாண்டிவிடும். இரண்டும் நூறு சதவீதப் பருத்திதான். கோடைச் சட்டைக்கு 100 முதல் 130 வரையிலும், பேன்ட்டுக்கு 180 முதல் 220 வரையிலும் உள்ள துணியைத் தேடுங்கள். ஆயத்த ஆடைக் கடையில் இந்த எண்ணைக் கேட்டால் விற்பனையாளர் விழிக்கக்கூடும். எண் கிடைக்காத இடத்தில் துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் சீராகத் தெரிய வேண்டும். பிறகு துணியை வாயருகே வைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் மூச்சே கையில் படாவிட்டால் அந்தத் துணிக்குள் கடற்காற்றும் நுழையாது.

தளர்வும் இதற்குச் சமமாக முக்கியம். நடக்கும்போதும் கையை வீசும்போதும் தளர்வான சட்டை கொல்லன் துருத்தி போலக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும்; உடலை ஒட்டிய சட்டைக்கு அந்த வாய்ப்பே இல்லை. மார்பின் சுற்றளவைவிடச் சட்டை 10, 12 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். முதுகில் தோள்பட்டிக்குக் கீழே ஒரு மடிப்பு வைத்துத் தைத்ததாக இருந்தால் கையை உயர்த்தும்போது பிடிக்காது. வால் நீண்ட, ஆழமாக வளைந்த விளிம்பு உள்ளே செருகி அணிவதற்கானது. நீங்கள் அலுவலகத்தில் செருகியும் பூங்காவில் வெளியே விட்டும் அணிய விரும்புவீர்கள். அதற்குச் சற்றே குட்டையான, இலேசாக வளைந்த விளிம்பு இரண்டு இடத்திலும் பொருந்தும். நிறத்தில் வெளிர் சாம்பலும் ஆகாய நீலமும் அக்குள் ஈரத்தை ஊருக்கே அறிவிக்கும். வெள்ளை, கருநீலம், சிறு கட்டம் ஆகியவை காட்டிக்கொடுக்காது.

பனியன் போடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். மெல்லிய பனியன் வியர்வையை ஒரே இடத்தில் தேங்கவிடாமல் பரப்பும் என்பது உண்மை. காற்றுக்கு அது இன்னொரு சுவர் என்பதும் உண்மை. சிறு கட்டம் போட்ட சட்டையானால், கத்திரி முடியும் வரை பனியனுக்கு விடுப்புக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: அலைபேசி, வீட்டுச் சாவி, பணம் மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டுதான் நடைப்பயிற்சிக்குப் போகிறேன். பாக்கெட் வைத்த குர்த்தி கடையில் கிடைத்தாலும் அதில் விரல் நுனி மட்டுமே நுழைகிறது. தையல்காரரோ, ‘பாக்கெட் வைத்தால் ஷேப் போய்விடும்மா’ என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பாக்கெட்டைத் தவறான இடத்தில் வைத்தால் அவர் சொல்வது சரிதான். குர்த்தியின் பக்கத் தையலில் இடுப்புக்குக் கீழே ஓப்பன், அதாவது தைக்காத பிளவு, விடுகிறார்கள். பாக்கெட்டின் வாயும் அதே தையலில்தான் வந்தாக வேண்டும். இடுப்பிலிருந்து ஓப்பன் தொடங்கும் இடம் வரை மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைவு. கை தாராளமாக நுழைய 15, 16 சென்டிமீட்டர் வாய் வேண்டும். அலைபேசி நிலைத்து நிற்க, வாயின் கீழ்முனையிலிருந்து பை இன்னும் 10, 12 சென்டிமீட்டர் கீழே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோவில் உட்கார்ந்ததும் அலைபேசி நழுவி இருக்கையில் விழும். இவ்வளவையும் அந்த ஒரு சாணுக்குள் அடக்க முயன்றால் பை ஓப்பன் வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். கடைக்காரர்கள் விரல் நுனிப் பாக்கெட் வைத்துத் தப்பித்துக்கொள்வது இதனால்தான்.

ஆகவே ஓப்பன் இல்லாத, கீழே விரிந்து இறங்கும் ஏ-லைன் குர்த்தியாகத் தைக்கச் சொல்லுங்கள். அல்லது ஓப்பனைத் தொடையின் நடுப்பகுதி வரை இறக்கிவிடச் சொல்லுங்கள். இரண்டும் பிடிக்காவிட்டால் பாக்கெட்டைக் குர்த்தியில் வைக்காமல் உள்ளே அணியும் பேன்ட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் குர்த்தியை விலக்கிக் கையை விட வேண்டியிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் அது சங்கடம். அளவு கொடுக்கப் போகும்போது அலைபேசியையும் எடுத்துச் சென்று தையல்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். பைக்கு லைனிங்கில் போடும் வழுக்கலான துணி வேண்டாம். காம்பிரிக் என்னும் பருத்தித் துணி போதும், சுமார் 30 சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் ஆகும். 200 கிராம் எடையுள்ள அலைபேசி நாள் முழுவதும் தொங்கினால் பக்கத் தையல் இழுபட்டுத் தொய்ந்துவிடும். அதைத் தடுக்க, பாக்கெட் வாயின் ஓரத்தில் விரல் அகலத் துணிப்பட்டி ஒன்றை உள்ளே வைத்துத் தைத்து, இரு முனைகளிலும் முன்னும் பின்னுமாக நாலைந்து தையல் ஓட்டிவிட வேண்டும். பையின் மேல் ஓரத்தை முன்பக்கத்து இடுப்புத் தையலோடு பிடித்துவிட்டால் நடக்கும்போது ஆடாது. ஷேப் போவது பெரும்பாலும் இந்தக் கடைசித் தையலைப் போடாததால்தான்.

ரேயான் குர்த்தியானால் பாக்கெட்டைத் தவிர்ப்பது நல்லது. ரேயான் இழை நனைந்தால் தன் வலுவில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். பருத்தியோ ஈரத்தில் வலுக்கூடும். வியர்வையிலும் துவைப்பிலும் ரேயான் முதலில் இற்றுப்போகும் இடம் பாக்கெட்டின் மூலைதான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். விளையாட்டு டி-ஷர்ட் சீக்கிரம் காய்கிறது. ஆனால் துவைத்த பிறகும் நாற்றம் போவதில்லை. பருத்திக்கு மாறிவிடலாமா?
– கல்லூரி மாணவர், வேளச்சேரி

பதில்: சைக்கிள் ஓட்டப் பருத்திக்கு மாற வேண்டாம், வகுப்பறைக்குப் பருத்தி அணியுங்கள். பாலியஸ்டர் இழை ஈரத்தை உள்ளே வாங்காது. பின்னலின் மேற்பரப்பில் பரப்பிவிடும். சைக்கிள் ஓடும்போது எதிர்க்காற்று அதை உடனே உலர்த்துகிறது. பருத்தி டி-ஷர்ட்டோ முட்டுக்காட்டைத் தாண்டுவதற்குள் தொப்பலாக நனைந்து, கனத்து, அக்குளிலும் மார்பிலும் உராய்ந்து புண்ணாக்கும். மின்விசிறி மட்டுமே உள்ள வகுப்பறையில் எதிர்க்காற்று ஏது? அங்கே பருத்திதான்.

நாற்றம் உங்கள் துவைப்பின் குறை மட்டும் இல்லை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் உடற்பயிற்சி செய்தவர்களின் டி-ஷர்ட்டுகளைச் சேகரித்து முகர்ந்து ஒப்பிட்டார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டரில் நாற்றம் மிகுந்திருந்தது. வியர்வை நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர்கள் பாலியஸ்டரில் செழித்து வளர்வதையும் கண்டார்கள். தோலின் எண்ணெய்ப் பசையும் அந்த இழையை விட்டு எளிதில் போவதில்லை. ஆகவே வீட்டுக்கு வந்ததும் டி-ஷர்ட்டைப் பையிலேயே சுருட்டி வைக்காமல், உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, உடனே பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். நாற்றம் ஏற்கெனவே ஊறிவிட்ட துணியை, ஒரு வாளித் தண்ணீரில் அரைக் குவளை வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவைக்கலாம். வினிகரோடு பிளீச்சிங் கலவை எதையும் சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தையும் இந்த ரகத்துக்கு நிறுத்திவிடுங்கள். அது இழையின் மேல் படிந்து, ஈரத்தைப் பரப்பும் திறனையே கெடுத்துவிடும்.

கேள்வி: வெயிலில் கறுப்பு உடையே கூடாதா?
– வாசகி, அடையாறு

பதில்: ஒட்டினாற்போல் அணிந்தால் கூடாது. தொளதொளவென்று அணிந்தால் கறுப்பு நாம் நினைக்கும் அளவுக்குப் பகை இல்லை. பாலைவனத்தில் வாழும் பெடுவின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்து 1980-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிடக் கூடுதலாக வெப்பத்தை வாங்கினாலும், தளர்ந்த துணிக்கும் தோலுக்கும் இடையே ஓடும் காற்று அந்தக் கூடுதலைத் தோலை எட்டவிடாமல் கொண்டுபோய்விடுகிறது என்பதே அதன் முடிவு. பாலைவனக் காற்றும் அடையாற்றுக் காற்றும் ஒன்றில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. கறுப்பு லெக்கின்ஸோடு பகல் 12 மணிக்கு ஸ்கூட்டரில் போகும் பெண்களைப் பார்த்தால் எனக்கே கால் எரிகிறது.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் மகன் ‘மெட்ராஸ் செக்’ சட்டை ஒன்றை அங்கே வாங்கி அணிந்து வந்தான். நம் ஊரின் பழைய பெயரில் விற்கும் அந்தத் துணி நம் ஊரில் கிடைக்குமா? சாயம் போகுமா? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார் என் மனைவி.
– வாசகர், அண்ணா நகர்

பதில்: கிடைக்கும், நம்மில் பலர் அதன் நெருங்கிய உறவான கைலியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறோம். சாயம் தோய்த்த நூலைப் பாவிலும் (நெடுக்கு) ஊடையிலும் (குறுக்கு) மாற்றி மாற்றிக் கொடுத்து நெய்யும் மெல்லிய கட்டம் போட்ட பருத்தித் துணி இந்தக் கடற்கரைத் தறிகளிலிருந்து மதராஸ் வழியாகப் பல நாடுகளுக்குப் போனது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதை ‘இஞ்சிரி’ என்று அழைத்துத் தங்கள் சடங்குகளில் இன்றும் மதிப்போடு பயன்படுத்துகிறார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன கைத்தறி மெட்ராஸ் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டது. முதலில் அது புகாராக எழுந்தது. பிறகு, கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குவதே அதன் அழகு என்று விளம்பரம் செய்து விற்றார்கள்! சாமர்த்தியசாலிகள்.

வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்ததானால் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டத்தை மேலே அச்சிட்டதானால் பின்புறம் வெளிறியிருக்கும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் எழும்பூர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகையில் கைத்தறிச் சட்டைத் துணிகளைப் பார்க்கலாம். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இன்னொரு வழியும் உண்டு. நல்ல நூலில் நெய்த, மூட்டாத கைலி ஒன்றை வாங்கி அரைக்கைச் சட்டையாகத் தைத்துக்கொண்டால், கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் அதைவிட இதமான சட்டை கிடையாது. நெஞ்சுப் பாக்கெட்டின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பதை மட்டும் தையல்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். அது பொருந்தாவிட்டால் கைலியைக் கிழித்துத் தைத்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

உப்பு விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதற்கு ஒரு வேர் இருக்கிறது. சாயப் பட்டறையில், சாயம் தண்ணீரை விட்டு நூலில் ஏறுவதற்கு உப்பைச் சேர்ப்பது உண்மை. ஆனால் ஏறிய சாயத்தை நூலோடு பிணைப்பது சோடா போன்ற காரப் பொருளும் அதற்குரிய சூடும் நேரமும். அந்தக் கட்டம் முடிந்து துணி கடைக்கு வந்த பிறகு, வீட்டு வாளியில் போடும் உப்பு எதையும் பிணைத்துவிடாது. நனைத்த வெள்ளைத் துணியால் உள்விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் முதல் சில துவைப்புகளுக்குக் குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். தைப்பதற்கு முன்பே துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிடவும் வேண்டும். பருத்தி முதல் தண்ணீரில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 75 சென்டிமீட்டர் நீளச் சட்டையில் அது இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் வரை.

கேள்வி: கார்த்திகை மாதம் ஜீன்ஸைத் துவைத்துப் போட்டால் காயவே இரண்டு, மூன்று நாள் ஆகிறது. பூஞ்சை வாடை வேறு. மழைக்காலத்துக்கு என்ன பேன்ட் வாங்கலாம்?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஜீன்ஸை தை பிறக்கும் வரை மடித்து வைத்துவிடுங்கள். வழக்கமான ஜீன்ஸ் துணி ஒரு சதுர கஜத்துக்கு 12 முதல் 14 அவுன்ஸ் வரை இருக்கும். 14 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு 475 கிராம். சாதாரண டி-ஷர்ட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு துணி அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிட்டு, ஈரக் காற்றில் எப்படிக் காயும்? மழைக்காலத்துக்கு நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்த, கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும், கீழே நாடாவோ எலாஸ்டிக்கோ வைத்த இலேசான பேன்ட்தான் ஏற்றது. தேங்கிய தண்ணீரில் இறங்கி நடந்தாலும், வீட்டுக்கு வந்து பிழிந்து மின்விசிறிக்குக் கீழே போட்டால் காலைக்குள் உலர்ந்துவிடும். இழுபடும் எலாஸ்டேன் கலந்த துணியை இஸ்திரிப் பெட்டியால் சுட்டுக் காயவைக்காதீர்கள். சூட்டில் அந்த இழை செத்துப்போய் முட்டி தொங்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: பள்ளிக்கரணைக்கும் வேடந்தாங்கலுக்கும் பறவை பார்க்கப் போகும் பழக்கம் உண்டு. வெயில், கொசு இரண்டிலிருந்தும் காக்கும் உடை எது?
– ஆசிரியை, மடிப்பாக்கம்

பதில்: முழுக்கை, முழுக்கால். வெயில் காலத்தில் அரைக்கைதான் குளிர்ச்சி என்பது நிழலில் மட்டுமே உண்மை. புற ஊதாக் கதிரைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்பதை யு.பி.எஃப். என்னும் எண்ணால் குறிக்கிறார்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குக் கதிர்தான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு இந்த எண் சுமார் 5 முதல் 7 வரைதான். வியர்வையில் நனைந்தால் இன்னும் குறையும். அதனால் இந்த ஒரு வேலைக்கு, பெரம்பூர் வாசகருக்கு நான் சொன்ன விதியைக் கொஞ்சம் தளர்த்தி, நெருக்கமாக நெய்த ஆனால் தொளதொளவென்ற சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் வலைத்துணி வைத்த காற்றுத் திறப்பு இருந்தால் நல்லது.

கொசுவுக்கு நிறமும் ஒரு செய்தி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, மனித மூச்சின் வாடையை அறிந்த பிறகு சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, பச்சை கலந்த இளநீலம் ஆகிய நிறங்களை நாடிப் பறக்கிறது என்றும், பச்சை, ஊதா, நீலம், வெள்ளை நிறங்களைப் பொருட்படுத்துவதில்லை என்றும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2022-இல் கண்டறிந்தார்கள். மங்கலான பச்சை உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும், பறவைகளும் மிரளாது. லெக்கின்ஸ் வேண்டாம். தோலோடு ஒட்டிய மெல்லிய துணிக்கு மேலேயே உட்கார்ந்து கொசு கடித்துவிடும்.

கேள்வி: வேட்டியை அன்றாட வெளியுடையாக வைத்துக்கொள்ள முடியுமா? மகன் சிரிக்கிறான்.
– ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர்

பதில்: தாராளமாக. காற்றோட்டத்தில் வேட்டியை வெல்ல எந்த பேன்ட்டாலும் முடியாது. வேட்டி கட்டியவரைக் கிளப்புகளும் பொது இடங்களும் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2014-இலேயே சட்டம் வந்துவிட்டது. அதையும் மகனிடம் சொல்லுங்கள். நடைக்கு நான்கு முழ ஒற்றை வேட்டி போதும். எட்டு முழம் காலைத் தட்டும். இடுப்பில் ஒட்டும் பட்டியும் உள்ளே பாக்கெட்டும் வைத்த வேட்டிகள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டில் மட்டும் மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய ‘ஏற்றுமதி மிச்ச’ டி-ஷர்ட்டின் பக்கத் தையல் இரண்டு துவைப்பில் வயிற்றுக்கு முன்னால் வந்துவிட்டது. ஏன்?
– வாசகர், ஆவடி

பதில்: டி-ஷர்ட் துணியைத் தறியில் நெய்வதில்லை, திருப்பூரில் வட்ட இயந்திரத்தில் பின்னுகிறார்கள். நூற்கும்போது நூலில் ஏறிய முறுக்கு, துணியானதும் தளர்ந்துகொள்ளப் பார்க்கும். முதல் தண்ணீர் பட்டதும் பின்னல் சாய்ந்து, அதோடு தையலும் திரும்பிவிடுகிறது. துணியைச் சரியாகப் பக்குவப்படுத்தி, நேராக வெட்டினால் இது பெருமளவு குறையும். அவசரத்தில் வெட்டினால் இப்படித்தான். வாங்கும்போது இரண்டு தோள்களையும் பிடித்துத் தொங்கவிட்டு, பக்கத் தையல் நேர் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். பின்னலின் நெடுக்குக் கோடுகள் விளிம்பை நேராக வந்து தொடுகின்றனவா என்பதையும் கவனியுங்கள். கடையிலேயே சாய்ந்திருந்தால் வீட்டில் இன்னும் சாயும். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டால் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். காலர் வைத்த டி-ஷர்ட்டுகளில் வரும், சிறு குழிகளோடு கூடிய பிக்கே பின்னலில் இந்தத் தொல்லை குறைவு. அது தோலை ஒட்டாததால் நம் ஊருக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். சென்னையில் பயன்படாத குளிர் உடைகளை வாங்கிக் குவிக்க மனமில்லை.
– வாசகி, கொளத்தூர்

பதில்: குவிக்க வேண்டாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடும். ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நன்றாகத் தாங்கும். உள்ளே, வேளச்சேரி மாணவர் வைத்திருப்பது போன்ற விளையாட்டு டி-ஷர்ட். நடுவில் ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கை இழைத் துணியில் தைத்த மேலாடை. வெளியே, ஸ்கூட்டருக்கு வைத்திருக்கும் மழைக்கோட்டு. ஃப்ளீஸ் ஒன்றுதான் புதிதாக வாங்க வேண்டியது. அதையும் குளிரூட்டிய தொலைதூரப் பேருந்தில் ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம். தோலை ஒட்டிய அடுக்கு மட்டும் பருத்தியாக இருக்க வேண்டாம். மேடேறும்போது வியர்வையில் நனைந்தால் மலைக்குளிரில் அது காயாமல் உடம்பை நடுங்கவைக்கும். குழந்தைகளுக்குக் காதை மூடும் குல்லாவும் ஒரு ஜோடிக் கூடுதல் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு பால் வாங்கவும் காய் வாங்கவும் போகிறேன். மருமகள் முகம் சுளிக்கிறாள். இவ்வளவு வசதியான உடை வேறு இருக்கிறதா?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: வசதியில் உங்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மெல்லிய பருத்தி, தோளிலிருந்து தளர்ந்து இறங்கும் வெட்டு, இடுப்பை இறுக்காத அமைப்பு. மேலே பெரம்பூர் வாசகருக்குப் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் நைட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. மருமகளுக்கு உறுத்துவது பூப்போட்ட அச்சும், கழுத்துச் சுருக்கமும், தோளில் தொங்கும் பொருந்தாத துப்பட்டாவுமாக இருக்கலாம். உங்களுக்குப் பிடித்த நைட்டியையே அளவுக்குக் கொடுத்து, ஒரே நிறத்திலோ சிறு கட்டத்திலோ உள்ள சற்றே தடித்த காம்பிரிக்கில், முழங்கை வரை கையும், மூன்று பித்தான் வைத்த சிறு காலரும், கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கும் நீளமுமாகத் தைக்கச் சொல்லுங்கள். துணி ஊடுருவித் தெரியாது என்பதால் துப்பட்டாவும் தேவைப்படாது. ஓப்பன் இல்லாத தையல் ஆகையால் இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்துக்கொள்ள இடமும் நிறையவே இருக்கும். அளவை மேற்கு மாம்பலம் வாசகிக்கு எழுதிய பதிலில் பார்த்துக்கொள்ளுங்கள்.